துறைமுகம் இல்லாத படம்

ஜனவரி 4, சனி

எழுந்ததும் முதல் வேலையாக மாடிக்குப் போய்த் தொட்டியில் தண்ணீர் விழுகிறதா என்று பார்த்தேன். விழவில்லை. கீழே வந்தால் அம்மா மோட்டாரை நிறுத்திவிட்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தாள். மோட்டார் ஓடினால் பாட்டில் இரைச்சல் வருகிறதாம். தண்ணீரை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம், பாட்டு போனால் போனதுதான் என்றாள். எழுபது தாண்டியவளிடம் என்ன வாதாடுவது? பாட்டு முடியும்வரை நானும் படியில் உட்கார்ந்து கேட்டேன்.

பதினொரு மணிபோல ஜெபமணி போன் செய்தாள். எங்கள் திரைப்படச் சங்கமான பாளை திரைவட்டத்துக்கு இது முப்பதாம் ஆண்டு. செயலாளர் அவள்தான். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் நாங்கள் கல்லூரியில் படித்தபோது திரையிட்ட 'வடக்குத் துறைமுகம்' படத்தை பிப்ரவரி முதல் தேதி மறுபடி போடப்போகிறார்களாம். அந்தப் படத்தை உலகம் எப்படி வரவேற்றது என்று நான் பேச வேண்டும்.

ஏன் நான் என்று கேட்டேன்.

"நீதானட்டி கோர்ட்டுல யார் என்ன சொன்னாலும் கூட்டாம குறைக்காம மொழிபெயர்க்க. விமர்சகனுங்க சொன்னதையும் அப்படியே வந்து சொல்லிட்டுப் போ."

மாவட்ட நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருப்பதால் இப்படியெல்லாம் வேலை வருகிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு அவள், பேச்சுக்கு முன்னால் படத்தின் மெட்டை எட்வின் சாக்ஸபோனில் வாசிப்பார், லீவில் வந்திருக்கிறார் என்றாள். தலைப்பு நல்ல தலைப்பாக இருந்ததால் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 5, ஞாயிறு

படத்தை நினைவிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

கறுப்பு வெள்ளை. அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்த கறுப்பின சாக்ஸபோன் கலைஞன் ஒருவன் கோபன்ஹேகனில் ஒரு நிலவறை விடுதியில் ஜாஸ் வாசிக்கிறான். சொந்த ஊரில் தான் வாசிக்கிற ஓட்டலுக்குள்ளேயே பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். இங்கே முன்வாசல். அதற்காகவே கடல் தாண்டி வந்தவன். கோடை விடுமுறைக்கு அவனுடைய சொந்த ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருத்தி அங்கே வருகிறாள். காதல். விடுமுறை முடிகிறது. அவளுக்கு அவளுடைய பள்ளிப் பிள்ளைகள். அவனுக்கு அவனுடைய வாத்தியம். கடைசிக் காட்சியில் அவன் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். சட்டென்று எழுகிறான், வாத்தியப் பெட்டியை எடுக்கிறான், கதவைத் திறந்து வெளியே போகிறான். திறந்த கதவு அப்படியே நிற்கிறது. படம் முடிந்தது.

எங்கள் திரைவட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்து டீ குடித்து முடிக்கும்வரை படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. அன்று டீ குடிக்கும்போது எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம்.

வெளியே வந்து நானும் எட்வினும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே முருகன்குறிச்சி வரை நடந்தோம். அவர் தேவாலய வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தார். இனி சாக்ஸபோன்தான், பம்பாய் போகிறேன் என்றார். நல்லது என்றேன். பம்பாயிலிருந்து மஸ்கட் போனார். அங்கே ஒரு ஓட்டலில் இருபது வருடமாக வாசிக்கிறார். மனைவி இறந்து ஏழு வருடம். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள்.

இதெல்லாம் ஜெபமணி சொன்னது. ஓட்டல்காரர்கள் இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்களாம். பிப்ரவரி 3 விமானம். கையெழுத்துப் போடுவாரா, ஊரோடு இருந்துவிடுவாரா என்று அவருக்கே தெரியவில்லையாம். போவதும் இருப்பதும் அவரவர் விருப்பம்.

ஜனவரி 8, புதன்

தலைக்கு மருதாணி. கூட்டத்தில் பேசுகிறவள் நரைத்த தலையோடு போய் நிற்க முடியாது.

ஜனவரி 11, சனி

ஒரு வாரமாகப் பழைய விமர்சனங்களைத் தேடிப் படிக்கிறேன். இவ்வளவு சிரிப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை.

படம் வந்த புதிதில் நியூயார்க் விமர்சகர்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. இசை நன்றாக நடக்கிறது, கதைதான் நொண்டுகிறது என்று ஒருவர். ஒன்றரை மணி நேரம் சிகரெட் புகை, அதற்கு நடுவில் எங்கோ ஒரு காதல் என்று இன்னொருவர். லண்டன் பத்திரிகை ஒன்று கதாநாயகியின் தொப்பிகளைப் பாராட்டிவிட்டு முடித்துக்கொண்டது. ஜாஸ் பத்திரிகைகளுக்கு வேறு கோபம்: நடிகரின் விரல் ஒரு பக்கம் போகிறது, ஒலி இன்னொரு பக்கம் போகிறது. கோபன்ஹேகன் நாளிதழ் காதலையும் பார்க்கவில்லை, இசையையும் பார்க்கவில்லை. படம் முழுக்க எங்கள் ஊரில் மழையாகவே கொட்டுகிறதே, இங்கே வெயிலும் அடிக்கும் என்று தலையங்கம் எழுதியிருக்கிறார்கள்.

கறுப்பின மக்கள் நடத்திய பத்திரிகைகள்தாம் படத்தை உண்மையில் பார்த்திருக்கின்றன. அங்கே காரசாரமான சண்டை. ஊரில் உரிமைக்காக ஆட்கள் அடிபட்டுக்கொண்டிருக்கும்போது இவன் அந்நிய ஊரில் சாக்ஸபோன் ஊதுகிறான், கோழை என்று ஒரு தரப்பு. மனிதனாக மூச்சுவிட ஒருவன் வேறு ஊர் தேடிப்போனால் அதற்கு அவனையா குற்றம் சொல்வது என்று மறு தரப்பு. இருபது வருடம் கழித்து ஒரு பெண் விமர்சகர், இந்தப் படத்தில் வளர்ந்த மனிதர் அந்த ஆசிரியை மட்டும்தான் என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் படம் மெல்ல மெல்ல மேலே ஏறி, இன்று காவியம் என்று பேர் வாங்கியிருக்கிறது.

நம் ஊர் விமர்சனத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். திரைவட்டத்தைத் தொடங்கிய ஆங்கிலப் பேராசிரியர் சிதம்பரதாணு, எங்கள் தாணு சார், அன்று எழுதிய கட்டுரை. கல்லூரி மலர்களில் எத்தனையோ தடவை மறுபதிப்பு ஆனது. அதில் எனக்கு மனப்பாடமான வரிகள்: "துறைமுகம் என்று பெயர் வைத்துவிட்டு, படம் முழுவதிலும் ஒரு துறைமுகத்தைக்கூடக் காட்டாத துணிச்சல் உலகத்தில் வேறு எவனுக்கு வரும்? முடிவு என்ற எழுத்தைக்கூடப் போடவில்லை. திறந்த கதவுதான் முடிவு. அவன் அவளிடம்தான் போனான் என்பதில் நமக்கு என்ன சந்தேகம்?"

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நியூயார்க், லண்டன், கோபன்ஹேகன் எல்லோருமே 'துறைமுகக் காட்சி' என்று ஏதோ ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வேறு படத்தோடு குழப்பிக்கொண்டார்களா? அத்தனை பேருமா?

ஜனவரி 12, ஞாயிறு

காலையில் இட்லியை அடுப்பில் ஏற்றிவிட்டு, புதிதாகச் சீர்செய்து வெளியிட்ட பிரதியைக் கணினியில் போட்டேன். எல்லாம் நினைவில் இருந்தபடியே. அறை, பெட்டி, கதவு. கதவு திறந்து நிற்கிறது.

அப்புறம் கப்பலின் சங்கு ஊதியது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். துறைமுகம். எவ்வளவு பெரிய துறைமுகம்! பாரந்தூக்கிகள், கயிறுகள், கடல் பறவைகள், மழை. அவன் போகிறான். அவளும் நிற்கிறாள். கொஞ்சம் பேசுகிறார்கள். அவள் கப்பலில் ஏறிவிடுகிறாள். அவன் படகுத்துறை ஓரத்தில் பெட்டியைத் திறந்து, கப்பல் மறையும்வரை வாசிக்கிறான். பிறகு ஊருக்குள் திரும்பி நடக்கிறான். 'முடிவு' என்று திரை நிறைய எழுத்து விழுகிறது.

இருபத்தேழு வருடமாக நாங்கள் பார்க்காத படம். கடைசி ரீல் எங்கள் ஊருக்கு வரவே இல்லை. அது தெரியாமல் ஊரே உட்கார்ந்து சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

இட்லி அடிப்பிடித்துவிட்டது. தண்ணீர் வற்றிப் பாத்திரம் கறுத்துப்போயிருந்தது. அம்மா வந்து, "படத்துல யாரு செத்தா?" என்று கேட்டாள். யாரும் சாகவில்லை, பிரிந்துவிட்டார்கள் என்றேன். இதற்கா பாத்திரத்தைத் தீய்த்தாய் என்று புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள்.

ஜனவரி 13, திங்கள்

தாணு சாரிடம் எப்படிச் சொல்வது?

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். அம்மா சிறுகிழங்கு பொரியல் செய்திருந்தாள். எட்வின் படத்தின் மெட்டைக் கேட்க வந்தார். ஜெபமணிதான் அனுப்பினாளாம். சிறுகிழங்கைப் பார்த்ததும் மஸ்கட்டில் இருபது வருடம் இதைத்தான் கனவு கண்டேன் என்றார். அம்மா தட்டில் இருந்ததை எல்லாம் அவர் இலைக்கே தள்ளிவிட்டாள்.

கடைசி ரீல் விஷயத்தை அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. போட்டுக் காட்டினேன். அம்மாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நடிகரின் விரல்களைக் காட்டி, "பாருங்க, இது சாக்ஸபோன் இல்ல, தோசை சுடுதாரு" என்று எட்வின் சொன்னதில் நாங்கள் மூவரும் படத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தோம். ஆனால் துறைமுகம் வந்ததும் அவர் முகம் மாறியது. படம் முடிந்ததும் வழக்கப்படி டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்தார்.

"நான் இந்தப் படத்தைப் பாத்துத்தான் ஊரை விட்டே போனேன்" என்றார். "வாத்தியத்தையும் விடாம, அந்தப் பிள்ளையையும் விடாம ஒருத்தன் வாழ முடியும்னு நெனச்சேன். அவன் பெட்டியைத் தூக்கிக்கிட்டுல்லா போறான்."

பிறகு அவரே சிரித்தார். இப்போது வேலை பார்க்கிற ஓட்டலிலும் வாசிக்கிறவர்களுக்குப் பின்வாசல்தானாம். ஆனால் சாப்பாடு முன்வாசல் ஆட்களுக்குப் போடுகிற அதே சாப்பாடு என்றார்.

அம்மா அவரிடம் மஸ்கட்டில் கத்தரிக்காய் கிடைக்குமா, வெயில் எப்படி, அங்கே சிவன் கோயில் இருக்காமே என்றெல்லாம் விசாரித்தாள். அம்மாவுக்கு எதற்கு இந்தக் கவலை என்று தெரியவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

தாணு சார் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டே போனேன். எழுபத்தெட்டு வயது மனிதர். இந்த ஊரில் அவர் பேரைச் சொன்னால் அந்தக் கட்டுரையைத்தான் சொல்வார்கள். அதை நான் எப்படி அவர் கையிலிருந்து பிடுங்குவது?

கைலியோடு குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சேர்த்துவைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. சார், அந்தப் படத்தில் துறைமுகம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

குழாயை மூடினார். கடைசி ரீல் எவ்வளவு நேரம் என்று கேட்டார். ஒன்பது நிமிடம் என்றேன். காட்டு என்றார். கைப்பேசியிலேயே காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு முழுவதும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மோசமான முடிவு" என்றார். "கதவோட நிறுத்தியிருக்கணும். கடைசியில பயந்துட்டான் டைரக்டர்."

சார், அவர் எடுத்ததே இதுதான் என்றேன்.

"அதத்தான் சொல்லுதேன். நம்ம பாத்த படந்தான் நல்ல படம்."

பிறகு திடீரென்று ஏதோ நினைவு வந்தவர் போல நிமிர்ந்தார். "சின்ன டப்பா" என்றார். ஒன்பது நிமிட ரீல் என்றால் சின்ன டப்பாவில்தானே வந்திருக்கும் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வேட்டி கட்டிய மனிதராக இருந்தால் அவிழ்ந்திருக்கும். கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சொன்னார். அன்று புரொஜெக்டர் வைத்த மேசை ஒரு காலில் ஆடிக்கொண்டிருந்தது. படம் நடுங்கியது. பெட்டிக்குள் கைவிட்டு அகப்பட்ட ஒரு தகர டப்பாவை எடுத்து மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தவர் அவர்தான். காலி டப்பா என்று நினைத்தாராம். மேசை ஆடவில்லை, படமும் நடுங்கவில்லை. அடுத்த ரீல் எங்கே என்று ஓட்டுகிறவர் கேட்டபோது பெட்டியில் வேறு டப்பா இல்லை. அவ்வளவுதான் படம், விளக்கைப் போடு என்று சொன்னவரும் அவர்தான்.

"அம்புட்டுப் பெரிய துறைமுகத்தைத் தூக்கி மேசைக்கு அடியில வச்சிருக்கேன் பாத்தியா? வச்சதும் இல்லாம, காணோமே, காணோமே, என்ன துணிச்சல்னு கட்டுரை வேற!"

இருமல் வந்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தட்டி, மறுபடி சிரித்தோம். நான் இவ்வளவு பயந்திருக்க வேண்டாம். முதல் தேதி எப்படித் திரையிடுவது என்றும் அவரே முடிவு செய்தார். கதவோடு நிறுத்துவது. டீ கொடுப்பது. பிறகு விஷயத்தை உடைத்து, கடைசி ரீலைப் போடுவது. மேசைக்கால் கதையைத் தானே மேடையில் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

வெளியே வரும்போது பின்னாலிருந்து, எட்வின் கையெழுத்துப் போட்டாச்சா என்று கேட்டார். எனக்கு எப்படி சார் தெரியும் என்றேன். சரி சரி என்று குழாயைத் திறந்துவிட்டார்.

ஜனவரி 21, செவ்வாய்

தையல்காரர் ரவிக்கையின் கையை முழங்கை வரை வைத்துவிட்டார். நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றிவிட்டு வந்து, கடைசி ரீலைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தேன். முதல் தேதி திரையில் தமிழ் வாசகங்கள் ஓட வேண்டும் என்று ஜெபமணி கேட்டிருந்தாள். மொத்தமே பத்துப் பன்னிரண்டு வரிதான். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

மழை விடாது போலிருக்கிறது என்கிறாள். இங்கே இப்படித்தான் என்கிறான். பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்கிறாள். நல்ல ஆசிரியை நீ என்கிறான். உன் புதுப் பாட்டு எனக்குப் பிடித்தது என்கிறாள். அது இன்னும் முடியவில்லை என்கிறான். சங்கு ஊதிவிட்டது என்கிறாள். ஆமாம் என்கிறான்.

என் வேலையில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. சாட்சி சொன்னதைப் பெயர்க்கும்போது, கேள்வி எது பதில் எது என்று முதலில் பிரித்துக்கொள்வேன். கேட்காத கேள்விக்கு நீதிமன்றத்தில் பதில் கிடையாது. பதிவில் அது ஏறவே ஏறாது. இன்றும் கை தானாகப் பிரிக்கப் பார்த்தது. பிரிக்க ஒன்றும் இல்லை. அந்த ஒன்பது நிமிடத்தில் யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வருகிறாயா என்று அவளும் கேட்கவில்லை, இருக்கிறாயா என்று அவனும் கேட்கவில்லை. எல்லாம் வெறும் தகவல்.

அறுபது வருடமாக விமர்சகர்கள் அவன் போயிருக்க வேண்டுமா, அவள் இருந்திருக்க வேண்டுமா என்று மாறி மாறித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. இன்னொரு தடவை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். என் பேச்சுக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டது.

மாலையில் எட்வின் ஒத்திகைக்கு அழைத்தார். திரைவட்ட அரங்கில் ஜெபமணி, நான், அவர் மட்டும். வாசித்தார். வெளியே கடலை விற்கிறவர் வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்து நின்றார். இந்த மனிதர் இருபது வருடம் யாரோ சாப்பிடுகிற சத்தத்துக்கு நடுவில் இதை வாசித்திருக்கிறார்.

ஒப்பந்தத்தைப் பற்றி ஜெபமணி கேட்டாள். பையில் இருக்கிறது, இன்னும் தொடவில்லை என்றார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைச் சாத்தினேன். கொசு.

ஜனவரி 30, வியாழன்

கோர்ட்டில் ஒரு வாக்குமூலத்தைப் பெயர்க்கும்போது "வந்தார்" என்று எழுத வேண்டிய இடத்தில் "போனார்" என்று எழுதிவிட்டேன். நல்லவேளை, திருப்பிப் படிக்கையில் பார்த்துத் திருத்தினேன். பதினெட்டு வருடத்தில் இப்படி ஆனதில்லை. பேச்சைப் பற்றிய கவலைதான்.

பிப்ரவரி 1, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

அரங்கம் நிறைந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். எட்வின் முதலில் வாசித்தார். நான் விமர்சனங்களைச் சொன்னேன். தொப்பிகளுக்கும் கோபன்ஹேகன் வெயிலுக்கும் நல்ல சிரிப்பு. கறுப்பினப் பத்திரிகைகளின் சண்டையைச் சொன்னபோது அமைதியாகக் கேட்டார்கள். பின்வாசல் என்ற சொல் வந்ததும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

படம் ஓடியது. கதவு திறந்ததும் ஜெபமணி நிறுத்தி விளக்கைப் போட்டாள். டீ, முறுக்கு. அன்று போலவே எல்லோர் முகத்திலும் அந்த வெளிச்சம். பழைய உறுப்பினர்கள் நல்ல காலத்தில் பார்த்தோம் என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டார்கள்.

தாணு சார் மேடை ஏறினார். மேசைக்கால் கதையை அவர் சொன்னதை எழுத்தில் கொண்டுவர முடியாது. துறைமுகத்தைக் கண்டுபிடித்தது நான் என்று சொல்லி என்னைக் கைகாட்டினார். சிரித்து ஓயப் பத்து நிமிடம் ஆனது. முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், அந்த மேசை இன்னும் இருக்கிறதா, பார்க்க வேண்டும் என்றார். இருக்கிறது, அதன்மேல்தான் டீ கேன் இருந்தது. பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு கடைசி ரீல். 'முடிவு' விழுந்ததும் உடனே சண்டை. கதவோடு நிறுத்தியதுதான் நல்ல படம் என்று பாதிப் பேர். இல்லை, துறைமுகம்தான் உண்மை என்று மீதிப் பேர். அறுபது வருட விமர்சனம் முழுவதும் எங்கள் அரங்கில் அரை மணி நேரத்தில் நடந்து முடிந்தது. கடைசியில் நான் எழுந்து, அந்த ஒன்பது நிமிடத்தில் ஒரு கேள்விகூட இல்லை என்பதைச் சொன்னேன். அவர்கள் பிரிந்ததற்குக் கடல் காரணம் இல்லை, நாடு காரணம் இல்லை, இசையும் காரணம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியிருக்கலாம். மைக் சரியில்லை.

தாணு சார் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இது புதுசு. எழுது. என் கட்டுரைய இனிமே யாரும் அச்சுப் போடாண்டாம், இவ எழுதுதத போடுங்க" என்றார். கைதட்டல்.

கூட்டம் கலைந்த பிறகு எட்வின் வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலிகளை அடுக்கினேன்.

"நீங்க சொன்னது சரிதான், பூங்கோதை. அவ கேக்கல" என்றார். "ஆனா அவனும் கேக்கலயே. அவனுக்கும் பயமா இருந்திருக்கும்லா? இல்லன்னு சொல்லிட்டா, அந்த வயசுக்கு மேல எங்க போயி நிக்கது?"

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். பஸ் இருந்தது. ஆறேழு பஸ் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சமாதானபுரத்தில் இறங்க வேண்டியவள் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்து வந்தேன். சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன் போல. எதிரில் வந்த பூக்காரம்மா, என்ன விசேஷம் என்று கேட்டு ஒரு முழம் கூட அளந்து கொடுத்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று எட்வினுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. அழைத்தது அம்மா. நாளைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து விமானம். விடிந்ததிலிருந்து அம்மா தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருக்கிறாள். சொதியும் இஞ்சித் துவையலும். என்னை அடுக்களைப் பக்கம் விடவில்லை. "நீ போயி தலைய சீவு" என்றாள். சீவிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

காலையிலேயே எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு வருடம் ஊதியமில்லா விடுப்புக் கேட்டால் கொடுப்பார்கள். அம்மாவுக்கு அந்த ஊர்க் கத்தரிக்காய் பற்றி எல்லாம் தெரியும். அல்லது அவர் இங்கேயே இருக்கலாம். வாத்தியம் கற்றுக்கொள்ள நேற்றே நாலு பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றார்கள். அல்லது ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. அவர் மகளிடம் பேச வேண்டும். அவர் வீட்டில் தேவாலயம், எங்கள் வீட்டில் சிவன். இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் சத்தம் இருக்கும். இதெல்லாம் இரண்டாவது கேள்விகள். முதல் கேள்வி இருந்தால்தான் இவற்றுக்கு இடம்.

முதல் கேள்வியை இரண்டு மூன்று விதமாக மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். முதலில் வந்ததில் 'உங்களுக்குச் சம்மதமென்றால்' இருந்தது, 'ஒருவேளை' இருந்தது, 'தப்பாக நினைக்காவிட்டால்' இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசியில் மிஞ்சியது: நாம கல்யாணம் பண்ணிக்கிடலாமா? மூன்றே சொல். யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இல்லை என்று சொல்லிவிட்டால்? சொல்லட்டும். பதிவில் ஏறிவிடும். கேட்காமல் இருபத்தேழு வருடம் இருந்ததைவிட அது லேசாகத்தான் இருக்கும். ஆனால் நேற்று அவர் பெட்டியை மூடாமலே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்தால், இல்லை என்று சொல்கிற மனிதராகத் தெரியவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் நிற்கிற சத்தம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறாள். ஜெபமணிக்குச் சொல்லவில்லை, தாணு சாருக்குச் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் அம்மா பாயசக் கிண்ணத்தோடு நடுவில் வந்து நிற்பாள், அவர் தூக்கம் சொக்குகிறது என்பார், நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். இலை போடுவதற்கு முன்பே கேட்கப்போகிறேன்.